கிணற்று நீரின் மஞ்சள் நிறம் படத்தில் பதியவில்லை: உதவி தேவை

வணக்கம். குரோமியக் கழிவு நிலத்தடி நீரில் கலந்ததால் கைவிடப்பட்ட பாசனக் கிணறுகளை, ராணிப்பேட்டையை ஒட்டிய ஒரு கிராமத்தில் கடந்த தை மாதத்திலிருந்து படமெடுத்து வருகிறேன். நேரில் எலுமிச்சைத் தோல் போல மஞ்சளாகத் தெரியும் நீர், படத்தில் சாம்பல் கலந்த பச்சையாகவே விழுகிறது. "இது எங்கள் கிணற்று நிறமே இல்லை" என்று நிலத்துக்காரப் பெரியவர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேமரா நிக்கான் டி750. லென்ஸ் 24-120 மி.மீ. தானியங்கி வெண்சமநிலை (ஒளிக்கேற்ப நிறத்தைக் கேமராவே திருத்தும் வசதி) மஞ்சளைக் கழித்துவிடுகிறதோ என்று அதை நிறுத்தி, நிற வெப்பநிலையை 5,200 கெல்வினில் நிலையாக வைத்து, ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்தேன். கிணற்று மேட்டில், நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை வைத்தும் பார்த்தேன்; அட்டை வெயிலிலும், முப்பதடி ஆழத்திலுள்ள நீர் நிழலிலும் இருப்பதால் அளவு பொருந்தவில்லை. லென்ஸில் மாட்டிய போலரைசர் வடிகட்டி வானத்தின் பிரதிபலிப்பைக் குறைத்தது, கூடவே சுவர்ப்பாசியின் பச்சையைத் தூக்கிக் காட்டியது. வாளியில் இறைத்து வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால் நிறம் சரியாக வருகிறது, ஆனால் கிணறு படத்தில் இல்லாமல் போகிறது.

கணினியில் மஞ்சளைக் கூட்டுவது ஐந்து நிமிட வேலைதான். ஆனால், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பகுதி இது; நிறத்தை நான் கூட்டினேன் என்ற ஒரு சந்தேகமே மொத்தப் படங்களையும் ஒதுக்கிவிடப் போதும்.

நிழலில் கிடக்கும் நீரின் நிறத்தை, கிணறும் தெரியும்படி, பிறர் சரிபார்க்கக்கூடிய வகையில் எடுக்க ஒளியையும் நிற அட்டையையும் எவ்வாறு அமைக்க வேண்டும்?