சிங்கப்பூரில் சிறிய அளவில் பிரம்பு நாற்காலி செய்து விற்றால் கட்டுப்படியாகுமா?

யீஷூன்வாசி:
வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் பிரம்பு வேலை கற்றுக்கொண்டு, உறவினர்களுக்குச் சில முக்காலிகளும் ஒரு சாய்வு நாற்காலியும் செய்து கொடுத்திருக்கிறேன். பார்த்தவர்கள் விலைக்குக் கேட்பதால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்தே இதைச் சிறு தொழிலாக நடத்தலாமா என்று யோசிக்கிறேன். பிரம்பு, ஆணி, பசை, வார்னிஷ் ஆகியவற்றின் செலவைப் போல் இரு மடங்கு விலை வைத்தால் போதும் என்பது என் கணக்கு. ஆனால் கடைகளில் இந்தோனேசிய நாற்காலிகள் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைப்பதுதான் இடிக்கிறது.

மரப்பட்டறை:
பொருள் செலவை இரட்டிக்கும் கணக்கு இந்த வேலைக்குப் பொருந்தாது, ஐயா. நாற்காலியின் மரச்சட்டத்தில் துளையிட்டு, நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டிலும் பிரம்பு இழை கோத்துப் பின்னும் ஓர் இருக்கைக்குப் பத்து மணி நேரம் ஆகிறது, மணிக்கு 15 வெள்ளி கூலி என்று வைத்துக்கொண்டாலே 150 வெள்ளி வந்துவிடுகிறது. இழையின் விலை அதில் சிறு பங்குதான். வீவக வீட்டில் நடத்தும் தொழிலுக்கு வெளியாரை வேலைக்கு வைக்க முடியாது. இரைச்சல், புகை, நாற்றம் என்று அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரவும் கூடாது. தடித்த பிரம்பை வளைக்க நீராவியோ ஊதுவிளக்கோ வேண்டும் என்பதால், சட்டம் செய்யும் வேலைக்குப் பட்டறை வாடகையும் சேரும். பொருள் சேவை வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் அதற்குக் கட்டாயப் பதிவு.

கப்பல்கணக்கு:
மேலே சொன்னதோடு மூலப்பொருளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலகின் பிரம்பில் பெரும்பகுதி விளையும் இந்தோனேசியா, 2012 ஜனவரி முதல் பதப்படுத்தாத பிரம்பையும் பாதி பதப்படுத்திய பிரம்பையும் ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. அங்கிருந்து வருவதெல்லாம் செய்து முடித்த பொருள்தான். ஒரு காலத்தில் அந்நாட்டுப் பிரம்பைக் கழுவி, கந்தகப் புகையூட்டி, தரம் பிரித்து மறு ஏற்றுமதி செய்த ஊர் சிங்கப்பூர் என்பதை இன்று எத்தனை பேர் அறிவார்களோ! இந்தோனேசியாவில் பிரம்பு நாற்காலிக்குப் பேர்போன சிரபோன் நகரப் பட்டறைகளுக்கு உள்நாட்டிலேயே கிடைக்கும் பிரம்பை வேறு நாடுகளிலிருந்து தருவித்து, சிங்கப்பூர்க் கூலியில் வளைத்து, அவர்களுடைய விலையோடு மோதுவது வீண். அவர்களால் எட்ட முடியாதது பழுதுபார்க்கும் வேலை. இருக்கை கிழிந்த தேக்கு நாற்காலியை யாரும் சிரபோனுக்குத் திருப்பி அனுப்பப் போவதில்லை. அதற்கு வளைப்பும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம்.

யீஷூன்வாசி:
இருவருக்கும் நன்றி. பழுதுபார்ப்பதற்கு எப்படி விலை சொல்வது?

மரப்பட்டறை:
முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருந்தால் அது கைப்பின்னல்; துளைகளை எண்ணி, துளைக்கு இவ்வளவு என்று சொல்லிவிடலாம். துளைகளுக்குப் பதிலாக மேற்புறத்தில் காடி (நீளப் பள்ளம்) ஓடினால், இயந்திரத்தில் பின்னிச் சுருளாக விற்கும் பிரம்பு வலை போதும். அதை நீரில் ஊறவைத்து, காடிக்குள் அழுத்தி, பசையிட்டு, மேலே பிரம்புக் கீற்றை அடித்து இறக்கினால், காயும்போது தானாகவே இறுகிக்கொள்ளும். இது விரைவில் முடியும் வேலைதான். ஆனால் பழைய கீற்றையும் கெட்டிப்பட்ட பசையையும் உளியால் சுரண்டி எடுக்கும்போது சட்டம் பிளந்துவிடாமல் இருக்க நிறைய நேரம் பிடிக்கும். பலர் அதை இலவசமாகச் செய்து கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் அதற்குத் தனிக் கட்டணம் எழுதுங்கள்.