மண்கட்டியில் ஈரம் இருக்கிறது, சோளம் ஏன் வாடுகிறது?

வடகரப்பதி விவசாயி:
பாலக்காடு சித்தூர் தாலுகாவில் இரண்டு ஏக்கர் கரிசல். கேரளத்தில் கரிசல் என்றால் எங்கள் பக்கம்தான். ஐப்பசி மழையில் சோளம் போட்டேன். மாட்டுக்குத் தட்டு வேண்டும் என்று ஒரு ஏக்கரில் நெருக்கி வீசினேன். மற்றதில் சாலுக்குச் சால் ஒன்றரை அடி விட்டேன். கார்த்திகைக்கு அப்புறம் மழையே இல்லை. தை பிறந்ததும் நெருக்கி வீசிய பக்கம் கதிர் வரும்போதே இலை சுருண்டுவிட்டது. குழி வெட்டினால் இரண்டடியில் கட்டி குளுகுளுவென்று இருக்கிறது, உருட்டினால் உருண்டை வருகிறது. இவ்வளவு ஈரத்தின் மேல் நின்றுகொண்டு பயிர் வாடுவதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. கீழே இருக்கும் ஈரம் ஏன் மேலே ஏறவில்லை?

கோவில்பட்டிக் கரிசல்:
தம்பி, கைக்குத் தெரியும் ஈரம் வேறு, வேருக்குக் கிடைக்கும் ஈரம் வேறு. களித்துகள் ரொம்பச் சன்னம், நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஏறக்குறைய 15 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) இறுக்கத்தைத் தாண்டினால் பயிரால் இழுக்க முடியாது. அந்த நிலையிலும் கரிசல் உருண்டை பிடிக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் பயிர் எடுக்கக்கூடிய நீர் சுமார் 150 முதல் 200 மில்லிமீட்டர்தான். நெருக்கி வீசிய பயிர் அதை இலை விடும்போதே குடித்துத் தீர்த்துவிட்டது. கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும் என்பார்களே, அதேதான்: இடைவெளி விட்டால் தானியம், நெருக்கினால் வெறும் தட்டுப் போர். பால் பிடிக்கும் நேரத்துக்கு நீர் மிஞ்ச வேண்டும்.

ஈரம் ஏறி வரும் என்று நம்பாதீர்கள். காய்ந்த களியில் நீர் நகர்வது மிக மெதுவு. வேர்தான் தேடி இறங்கணும். சோள வேர் ஐந்தடி வரைக்கும் போகும்.

எருத்தேம்பதி அக்கா:
வெடிப்பையும் பாருங்க தம்பி. முதல் மழை வெடிப்பு வழியாகத்தான் அடிமண்ணுக்குப் போகுது, அது நல்லது. பயிர் வளர்ந்த பிறகு வாய் பிளந்தால் பக்கவாட்டு மண்ணும் காயும், வேரும் அறுபடும். நாங்கள் மார்கழியில் களைக்கொத்தால் மேலாகக் கொத்தி, புழுதியால் மூடிவிடுவோம்.

வடகரப்பதி விவசாயி:
நன்றி அண்ணா, அக்கா. இன்று சால் விட்ட பக்கமும் வெட்டினேன். நாலடியில் பழைய வெடிப்புச் சுவரை ஒட்டி, நாடா மாதிரி நசுங்கிப் போயிருக்கிறது வேர். நுனி இன்னும் வெள்ளையாக இருக்கிறது.