ரூரிக் கிஸ்லாசன்: அரை மணி நேர ஆட்டமும் பத்து லட்சம் பேரும்

கேள்வி: வலதுபுற_விங்கர்
நானும் கால்பந்துல வலது விங்கில் (வலது ஓரமா ஏறி ஆடுற இடம்) ஆடுறவன், சின்ன லீக்தான். அதனால மாற்று ஆட்டக்காரரா உள்ளே வர்றவங்களைத் தனியா கவனிப்பேன். 2018 உலகக் கோப்பை, ஜூன் 16, மாஸ்கோ, அர்ஜென்டினாவுக்கு எதிரா ஐஸ்லாந்து. 63வது நிமிஷம் ஐஸ்லாந்தோட ரூரிக் மாற்று ஆட்டக்காரரா இறங்கினார். உடனேயே மெஸ்ஸியோட பெனால்டியை ஐஸ்லாந்து கோல்கீப்பர் ஹான்னஸ் ஹல்டோர்சன் தடுத்தார். 1-1ல முடிஞ்சது. ராத்திரி போனைத் திறந்தா, தடுத்த கோல்கீப்பரை விட ரூரிக்கோட அழகான முகம்தான் எங்கேயும். மனசு உறுத்திச்சு. இந்தப் புகழ் ஒரு ஆட்டக்காரருக்குப் பெருமையா, இல்ல அவர் உழைப்பையே மறைச்சிடுதா?

பதில்: ரெண்டாம்_டிவிஷன்_ரசிகன்
அர்ஜென்டினா நடிகை ஹிமேனா அக்கார்டி அவரைப் பத்திப் போட்ட பதிவில்தான் தீ பிடிச்சது. ஆட்டத்துக்கு முன்னாடி இன்ஸ்டாகிராம்ல சில பத்தாயிரம் பேர்தான் அவரைப் பின்தொடர்ந்தாங்க. உலகக் கோப்பை முடியறதுக்குள்ள பத்து லட்சத்தைத் தாண்டிடுச்சு. அவர் நாட்டு ஜனத்தொகையே அப்போ மூன்றரை லட்சம் சொச்சம்!

ஆனா அந்த அரை மணி நேரம் சும்மா கிடைக்கலை. 2016 யூரோவுல (ஐரோப்பிய நாடுகளோட கோப்பை) ஐஸ்லாந்து இங்கிலாந்தை 2-1னு வீழ்த்தினப்போ அணியிலேயே அவர் இல்லை. நியூரன்பர்க்ங்கற ஜெர்மன் கிளப்பை விட்டு 2018 ஜனவரியில சாண்ட்ஹவுசன் கிளப்புக்குப் போனார். ஹைடல்பெர்க் பக்கத்துல சின்ன ஊர், அப்போ ஜெர்மனியோட இரண்டாம் டிவிஷன்ல இருந்த கிளப். அங்கே ஆடி, ரஷ்யாவுக்கு உலகக் கோப்பை ஆடப் போற அணியில இடம் பிடிச்சார். எனக்கு அவர்மேல மரியாதை வந்தது அதனாலதான்.

பதில்: இனிஷியல்_மட்டும்
ஒரு சின்ன விஷயம். கிஸ்லாசன்னா கிஸ்லியோட மகன்னு அர்த்தம். நம்ம இனிஷியல் மாதிரி அப்பா பேரு. ஐஸ்லாந்துக்காரங்க ரூரிக்னுதான் கூப்பிடுவாங்க.

கேள்விக்கு வர்றேன். மறைச்சதுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். பெற்றோர் இல்லாத குழந்தைகளை வளர்க்கற எஸ்ஓஎஸ் குழந்தைகள் கிராமம்ங்கற தொண்டு அமைப்புக்கு ஐஸ்லாந்துல தூதரா இருக்கார். அவர் குழந்தைகளுக்காகப் பேசினா இன்னைக்கு லட்சக்கணக்கானவங்க காதுல விழுது. 2020ல ஆட்டத்தை விட்டார். அடுத்த வருஷமே ஜெர்மன் தொலைக்காட்சியோட 'லெட்ஸ் டான்ஸ்' போட்டியில ரெனாட்டா லூசினோட ஜோடியா ஆடி ஜெயிச்சார். வாராவாரம் புது நடனம். முகத்தை வச்சு மட்டும் கடைசி வாரம் வரைக்கும் போக முடியாதுங்க.

பதில்: வலதுபுற_விங்கர்
2016ல அணியில இல்லைங்கறது எனக்குத் தெரியாது. அது எல்லாத்தையும் மாத்திடுச்சு. போன சீசன்ல ஏழு ஆட்டம் நான் பெஞ்சிலேயே உக்காந்திருந்தேன். அந்தக் குளிர் எப்படின்னு தெரியும். இனி அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டா, 63வது நிமிஷத்துல எல்லைக் கோட்டுப் பக்கம் நிக்கிறவரைத்தான் முதல்ல பார்ப்பேன். ரெண்டு பேருக்கும் நன்றி.