ஷார்ட்ஸில் பாட்டு சேர்த்தால் யாருடைய பணம் குறைகிறது?

கத்தரி_77
யூடியூப் ஷார்ட்ஸில் ஒரு பாட்டு சேர்த்தாலே வருமானத்தில் பாதி இசைக்குப் போய்விடும், மிச்சத்தில்தான் நமக்கு 45% என்கிறார்களே. அப்படியானால் பாட்டே இல்லாமல் போடுவதுதான் லாபமா? நீள வீடியோவில் பத்து விநாடி பாட்டுக்கு கன்டென்ட் ஐடி க்ளெய்ம் (யூடியூபின் தானியங்கி அமைப்பு பாட்டைக் கண்டுபிடித்து, அதன் உரிமையாளர் பெயரில் போடும் உரிமைக் கோரிக்கை) விழுந்தாலும் இதே கணக்கா?

பின்னொலி
பாதி போவது உண்மை. ஆனால் உங்கள் கணக்கிலிருந்து மட்டும் போவதில்லை. ஷார்ட்ஸ் ஃபீடில் இடையிடையே வரும் விளம்பரம் எந்த ஒரு வீடியோவுக்கும் சொந்தமில்லை. அதனால் மாத வசூலை ஒன்றாகச் சேர்த்துத்தான் பிரிக்கிறார்கள். பாட்டில்லாத ஷார்ட்ஸின் பார்வைக்கு உரிய பணம் முழுவதும் கிரியேட்டர் நிதிக்கு, அதாவது வீடியோ போடுகிறவர்களுக்குப் பங்கிடும் பொதுத் தொகைக்குப் போகும். ஒரு பாட்டு இருந்தால் பாதிதான் நிதிக்கு, இரண்டு இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான். மீதி இசை உரிமத்துக்கு.

அதன்பின் நிதியை நாடு வாரியாக, பார்வை விகிதப்படி பங்கிடுகிறார்கள். ஒரு நாட்டின் நிதி 1,00,000 டாலர், அங்கே தகுதியுள்ள பார்வைகளில் உங்களுடையது 5% என்று வையுங்கள். ஒதுக்கீடு 5,000, அதில் 45%, அதாவது 2,250 டாலர் கைக்கு வரும். நீங்கள் பாட்டு போட்டீர்களா என்று இந்தப் படியில் யாரும் பார்ப்பதில்லை. பாட்டால் கூடும் பார்வை உங்களுக்கு, செலவு ஊருக்கு. எல்லாரும் ஏன் டிரெண்டிங் பாட்டையே பிடித்துத் தொங்குகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீள்_படம்
நீள வீடியோவில் கதையே வேறு. விளம்பரப் பணத்தில் 55% நமக்கு என்பதெல்லாம் க்ளெய்ம் இல்லாதவரைதான். பாட்டின் உரிமையாளர் 'மானிடைஸ்' (விளம்பரம் மூலம் பணம் ஈட்டு) என்று வைத்திருந்தால், பத்து விநாடிப் பாட்டுக்கும் பொதுவாக மொத்த வீடியோவின் விளம்பரப் பணமும் அவருக்கே.

உரிமம் கையில் இல்லையென்றால் சண்டை வேண்டாம். யூடியூப் ஸ்டுடியோவில் (நம் வீடியோக்களை நிர்வகிக்கும் பக்கம்) அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டை மாற்றலாம், மியூட் செய்யலாம். க்ளெய்ம் விலகிவிடும், லிங்க்கும் பார்வைக் கணக்கும் அப்படியே இருக்கும். மியூட் செய்தால் பாட்டோடு சேர்ந்து பேச்சும் சிதைய வாய்ப்புண்டு, சேமிக்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

உரிமம் இருந்தால் 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் (க்ளெய்முக்கு மறுப்பு) போடுங்கள். க்ளெய்ம் வந்த முதல் நாளிலிருந்தே பணத்தைத் தனியாக நிறுத்தி வைப்பார்கள், ஜெயிப்பவருக்குப் போகும். தாமதித்தால் டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள். அவர்கள் நிராகரித்தால் அப்பீல் போகலாம், அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்கு 7 நாள். அப்பீலையும் மறுத்து வீடியோவை நீக்கக் கோரிக்கை அனுப்பினால் உங்கள் சேனலுக்குக் காப்பிரைட் ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறல் குறி) விழும். உரிமக் கடிதம் இல்லாமல் அந்தப் படிவரை போகவே கூடாது.

கத்தரி_77
ஷார்ட்ஸிலும் க்ளெய்ம் வருமா? இப்போது 3 நிமிடம் வரை போடலாமே.

பின்னொலி
அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் க்ளெய்ம் நிலுவையில் இருந்தால் வீடியோவே முடங்கும், பங்கு என்ற பேச்சே இல்லை. பாட்டு வேண்டுமென்றால் 60 விநாடிக்குள் முடியுங்கள். இன்னொன்று, சினிமா, டிவி காட்சிகளை எடிட் செய்யாமல் அப்படியே போட்டால் அந்தப் பார்வைகள் பங்கீட்டுக் கணக்கிலேயே சேராது.