ஊராட்சி உதவியும் நம்ம ஊர் பால்வாடியும்: பார்த்ததைப் பகிருங்கள்

கரிசல்மண்:
டீச்சர், ஆயா, சத்துமாவு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகனைக் கூட்டி வரப் பால்வாடிக்குப் போயிருந்தேன். ஆயா பணியிடம் காலி. டீச்சர் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து நரிக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற நேரம், தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுக்க, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மையத்துக்கென்று இணைப்பு கிடையாது. சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் அந்தக் குழாய்தான். வந்ததும் உலை வைக்கப் போய்விட்டார். "டீச்சர், நரி உள்ள விழுந்துச்சா?" என்று ஒரு பெண் குழந்தை அவர் சேலையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனது. பதில் வரவில்லை. பக்கத்துத் தெருவில் ஊராட்சியின் புது மேல்நிலைத் தொட்டி நிற்கிறது. எனக்கு மனசே ஆறவில்லை.

தாமிரபரணி:
எங்கள் ஊரில் தண்ணீர் உண்டு. ஊராட்சித் தலைவர் நல்ல மனிதர், பால்வாடிச் சுவர் முழுக்க உயிரெழுத்து எழுதிக் கொடுத்தார். ஆனால் எல்லாம் என் தலைக்கு மேலே. என் மகள் எக்கி எக்கி 'இ'யைத் தொடப் பார்த்தாள், எட்டவில்லை. பிள்ளை கை படும் உயரத்தில் ஒரு கரும்பட்டை அடித்திருந்தால் சாக்பீஸால் கிறுக்கியே எழுதப் பழகியிருக்கும். டீச்சரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஊர்க்குருவி:
கரிசல்மண் தம்பி, தொட்டியை வைத்து ஊராட்சியை மட்டும் குறை சொல்வது சரியில்லை. ஆயா பணியிடத்தை நிரப்புவது ஊராட்சி கையில் இல்லை, அது பால்வாடிகளை நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பொறுப்பு. கதையை நிறுத்துவது தண்ணீர் மட்டுமா? எங்கள் மையத்தில் ஒரு பையன் காய்ந்த இலையைக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டே நின்றான். டீச்சர், பால்வாடி விவரங்களைப் பதிகிற போஷன் டிராக்கர் செயலியில் பதிவு ஏறவில்லை என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இலையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 1992-இல் வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பதினோராவது அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 29 பொருள்கள் இருக்கின்றன. பெண்கள், குழந்தைகள் மேம்பாடு அதில் ஒன்று. அதனால் "இது எங்கள் வேலை இல்லை" என்று தலைவர் சொன்னால் விடாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் எழுந்து பேசுங்கள். பேசினால் மட்டும் போதாது, தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குழாய், கழிப்பறை, சுற்றுச்சுவரை ஊராட்சியிடம் கேளுங்கள். ஆயா பணியிடத்துக்குத் தீர்மான நகலோடு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் தனி மனு கொடுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். அப்புறம், தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாளாகப் போனால் காது கொடுக்க மாட்டார்கள்.

செம்பருத்தி:
அண்ணே, நீங்கள் சொன்ன அத்தனையும் செய்தோம். தீர்மானம் ஏறியது, கழிப்பறையும் வந்தது. பெரியவர்களுக்கான பேசின்! மூன்று வயதுப் பிள்ளை அதில் எப்படிக் கால் வைக்கும்? என் தம்பி மகன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "விழுந்துருவேன் அத்தை" என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். இப்போதும் பிள்ளைகள் கட்டடத்துக்குப் பின்னால்தான் போகிறார்கள். தாமிரபரணி அக்கா சொன்ன சுவரெழுத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? கணக்கில் கழிப்பறை இருக்கிறது என்று எழுதியாகிவிட்டது, இனி மறுபடி நிதி கேட்டால் யார் தருவார்கள்? உங்கள் ஊரில் தீர்மானம் போடுகிறவர்கள் "குழந்தைகளுக்கான சின்ன பேசின், எட்டும் உயரத்தில் குழாய்" என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வேலை முடிவதற்குள் டீச்சரை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.