சின்க்ரோநெட் பிபிஎஸ்: ஃபைல் ஏரியா போடும்போது எங்கே சிக்கும்

பிபிஎஸ் என்றால் யூசர்கள் தொலைவிலிருந்து இணைந்து செய்தியும் கோப்பும் பரிமாறும் புல்லட்டின் போர்டு; அதை நடத்தும் மென்பொருள்தான் சின்க்ரோநெட். லினக்ஸில் அதை ஓட்டுபவர்களுக்காக இது. யூசர்கள் கோப்புகளை இறக்கும், ஏற்றும் இடமான ஃபைல் ஏரியா இரண்டு அடுக்கு: மேலே லைப்ரரி, அதற்குள் டைரக்டரி. எஸ்சிஎஃப்ஜி என்ற அமைப்பு நிரலில் ஃபைல் ஏரியாஸ் மெனுவுக்குப் போய் முதலில் லைப்ரரியைச் சேருங்கள், பிறகு டைரக்டரிகள். ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஒரு இன்டர்னல் கோடு (உள் அடையாளப் பெயர்) கேட்கும். அதை நன்றாக யோசித்து வையுங்கள். பட்டியலைத் தாங்கும் டேட்டாபேஸ் கோப்புகளுக்கு அந்தக் கோடுதான் பேர். பாதியில் மாற்றுவது வீண் தலைவலி.

கோப்புகளைத் தனி டிஸ்கில் வைப்பதென்றால் முழுப் பாதையையும் கொடுங்கள். ஃபோல்டரின் உரிமை பிபிஎஸ் ஓடும் யூசரிடம் இருக்க வேண்டும். டவுன்லோட் ஆகிறது, அப்லோட் மட்டும் நிற்கிறது என்று புகார் வந்தால் பெரும்பாலும் இதுதான்: படிக்க அனுமதி உண்டு, எழுத இல்லை.

கோப்பை ஃபோல்டரில் காப்பி செய்தால் மட்டும் பட்டியலில் வந்துவிடாது. சின்க்ரோநெட்டின் ஸ்கிரிப்ட் ஓட்டியான ஜேஎஸ்எக்ஸெக் வழியாக ஆட்ஃபைல்ஸ் ஸ்கிரிப்டை ஓட்டினால் ஏறும்.

பதில் 1

விவரத்தை மறக்காதீர்கள். விவரம் இல்லாத ஐந்நூறு ஜிப் இருப்பதைவிட விவரம் உள்ள ஐம்பது மேல். ஜிப்புக்குள் வைக்கும் விவரக் கோப்பான ஃபைல்_ஐடி.டிஸ்-இல் வரிக்கு 45 எழுத்து, மொத்தம் 10 வரி என்பது பழைய மரபு. முதல் வரியில் நிரலின் பேரும் பதிப்பு எண்ணும் வரட்டும். சுருக்கப் பட்டியலில் கண்ணில் படுவது அதுதான்.

ஜிப்பின் வேரிலேயே அந்தக் கோப்பு இருக்க வேண்டும். ஃபோல்டரோடு சேர்த்துச் சுருட்டினால் டிஸ் உள்ளே புதைந்துவிடும், விவரம் காலியாக வரும். ஜிப் கட்டளையில் மைனஸ் ஜே கொடுத்தால் பாதை உதிர்ந்துவிடும். ஆனால் துணை ஃபோல்டர்கள் தேவைப்படும் நிரலுக்கு அதைப் போடாதீர்கள். அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு ஜிப் செய்யுங்கள்.

தமிழில் விவரம் எழுத நினைப்பவர்கள் கவனிக்க: யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 45 பைட்டில் 15 குறிதான் அடங்கும், அதிலும் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. பழைய டாஸ் எழுத்துத் தொகுப்பான சிபி437 டெர்மினலில் படிக்க முடியாத குறிகளாகத் தெரியும்.

பதில் 2

ஃபைல் ஏரியா சரியாக இருந்தும் டவுன்லோட் பாதியில் செத்தால் கோப்பை அனுப்பும் நெறிமுறையான இசட்மோடத்தைப் பாருங்கள். யூசர் பிபிஎஸ்ஸோடு இணையும் வழியான டெல்நெட்டில் 255 என்ற பைட் கட்டளைக் குறி. தரவில் அது வந்தால் இரட்டிப்பாக்கி அனுப்ப வேண்டும். இரண்டு முனையில் ஒன்று அதைச் செய்யாவிட்டால் கணக்கு பிசகும், சிஆர்சி (தரவு சரிபார்ப்பு) பிழை வரிசையாக வரும். சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் 255 பொதுவாக வராது. ஜிப்பில் கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக, டெக்ஸ்ட் நன்றாக இறங்கி ஜிப் மட்டும் விழுந்தால் குற்றவாளி பெரும்பாலும் டெல்நெட்தான், டிஸ்க் இல்லை. சின்க்ரோநெட்டோடு வரும் செக்ஸிஸ் (SEXYZ) என்ற கோப்பு அனுப்பும் டிரைவர் இதைக் கவனித்துக்கொள்ளும். வெளி டிரைவர் மாட்டுபவர்கள்தான் சோதிக்க வேண்டும்: 1 எம்பி ஜிப் ஒன்றை ஏற்றி, இறக்கி, இரண்டின் எம்டி5-ஐ (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள்.

பதில் 3

யூசர் எவ்வளவு இறக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் கிரெடிட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டவுன்லோட் செய்தால் கோப்பின் அளவு யூசரின் கிரெடிட்டில் கழியும். பொதுக் களஞ்சியத்துக்கு டைரக்டரியின் டாகிள் ஆப்ஷனில் இலவச டவுன்லோடை ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் புதிதாக வருபவர் இரண்டாவது கோப்பிலேயே நின்றுவிடக்கூடும். அப்லோடுக்கு மட்டும் தனி லெவல் (யூசரின் அனுமதி நிலை) வைக்கலாம். புது யூசருக்கு இயல்பாக 50 கிடைக்கும். அப்லோட் நிபந்தனையில் லெவல் 60 என்று போட்டால் நீங்கள் உயர்த்தியவர்கள் மட்டுமே ஏற்ற முடியும்.