தோலைப் பிய்க்கும் பழக்கம்: தொடங்கிய வயதால் சிகிச்சை மாறுமா?

கேள்வி:
வணக்கம். எட்டு வயதான என் மகள், பாடம் படிக்கும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் விரலோரத் தோலையும் கொசுக்கடிப் புண்ணின் பக்கையும் இரத்தம் கசியும்வரை பிய்த்துக்கொண்டே இருக்கிறாள். என் அக்காவுக்கும் இதே பழக்கம் உண்டு. ஆனால் அவருக்கு அது நாற்பது வயதை ஒட்டித்தான் தொடங்கியது. இரண்டும் ஒன்றுதானா, தொடங்கிய வயதைப் பொறுத்து சிகிச்சை வேறுபடுமா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சகோதரி, நான் உளநல ஆலோசகர். மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 என்னும் அமெரிக்கக் கையேடு, 2013-இல் வெளியானபோது இதைத் தனி நோயாக ஏற்று, ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் கட்டாயமாகத் திரும்பத் திரும்ப வரும் நோய்) சார்ந்த கோளாறுகளுடன் சேர்த்தது. பலருக்கு இது பூப்பெய்தும் பருவத்தில் முகப்பருவைக் கிள்ளுவதில் தொடங்கி, பரு ஆறிய பின்னும் நிற்காமல் தொடர்கிறது. பத்து வயதுக்கு முன்பும், முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையிலும் தொடங்குவோரும் உண்டு என்பதால், உங்கள் வீட்டில் நிகழ்ந்திருப்பது அரிதானதன்று.

ஓட்லாக், கிராண்ட் என்னும் ஆய்வாளர்கள் 2007-இல் 40 பேரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தது. அவ்வாறு தொடங்கியவர்களிடம் தம்மையறியாமல் பிய்ப்பது மிகுதியாகக் காணப்பட்டது. என் பார்வையில் உங்கள் மகளுக்கு முதன்மையானது இதுதான். தன் கை செய்வதை அவளே அறியாதபோது, 'கையை எடு' என்று அதட்டுவதால் வெட்கம்தான் வளரும். எப்போது, எங்கே கை போகிறது என்பதை முதலில் கவனிக்கப் பழக்கி, பின் அந்தக் கணத்தில் கையை மூடி இறுக்கிக்கொள்வது போன்ற மாற்றுச் செயலைப் பயிற்றுவிக்கும் பழக்கமாற்றுப் பயிற்சியே முதலில் நாடத்தக்கது. 1973-இல் அஸ்ரின், நன் ஆகியோர் இதை வகுத்தனர்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். அக்காவைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். நடுவயதில் புதிதாகத் தொடங்கினால், தோல் மருத்துவர் முதலில் அரிப்புக்கு உடற்காரணம் உண்டா என்று பார்ப்பார். சிரங்கு, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் நோய், தைராய்டு ஆகியவற்றை விலக்காமல் மனநோய் என்று முடிவுகட்டுவது தவறு. அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 3:
எனக்கு இது ஆறு வயதில் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் கெட்ட பழக்கம் என்றே எண்ணியதால், வேலைக்குச் சேரும்வரை எந்த மருத்துவரிடமும் காட்டவில்லை. சிறுவயதில் தொடங்குவோர் இழப்பது இந்த ஆண்டுகளைத்தான். உங்கள் மகளுக்கு அவை மிஞ்சட்டும். என்-அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரை பற்றி இணையத்தில் படித்தால் உடனே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். 2016-இல் 66 பேரிடம் நடந்த ஆய்வில் அது பயனளித்தது உண்மைதான், ஆனால் அவர்கள் அனைவரும் பெரியவர்கள். உங்கள் மகளுக்குக் குழந்தைகள் மனநல மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.